எட்டால் பெருக்கு

முதலில் வந்தது கோப்பையைத்தான் தொட்டது.
காவலறை மேசையில் கரண்டி
கண்ணாடியிடம் ஏதோ சொன்னது.
நாய் எனக்கு முன்பே எழுந்து நின்றிருந்தது.

ஒன்று, என்றேன்.

லினாரெஸ் துணை மின்நிலையத்தில்
பதினோரு வருட இரவுக்காவல் எனக்கு.
பணி விதிகளில் எண்ணச் சொல்லவில்லை.
ரோதெமில்தான் வானொலியில் சொல்லித்தந்தான்:
'எதெல்மிரா, முதல் தட்டலுக்கும்
பின்னால் வரும் ஆட்டத்துக்கும் நடுவே
எத்தனை நொடி என்று பார்.
எட்டால் பெருக்கு. கிலோமீட்டர்.'

ஐந்து. ஆறு.
முன்னால் ஓடிவருபவன் தள்ளுகிறவன்.
நெரிசலான வரிசையில் கடைசி ஆள் இடித்தால்
முதல் ஆள்வரை போய்ச் சேருமே, அந்த மாதிரி
பாறையை நெருக்கி, விட்டு, நெருக்கி.
பின்னால் வருபவன் குறுக்கே ஆட்டுகிறவன்,
ஈரக் கயிற்றை உதறியதுபோல்.
சுவர்களுக்கு அவனை ஆகாது.

பன்னிரண்டு.
இன்னும் வரவில்லை.
ஒவ்வொரு எண்ணுக்கும் அது என்னிடமிருந்து விலகி
வேறு யாருடைய கட்டிலுக்கோ பக்கத்தில் போகிறது.
எனக்கு நிம்மதியாக இருந்தது.
மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

பதினேழில் வந்தான்.
மின்மாற்றிகள் முனகின.
கம்பிவேலி தன்னைத்தானே குலுக்கிக்கொண்டது.
விளக்கு போயிற்று, யோசித்தது, திரும்பி வந்தது.

பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு.

பள்ளிக்கூட வரைபடம், துருப்பிடித்த கவராயம்.
லினாரெஸில் முள்ளை ஊன்றி ஒரு வட்டம்.
ஒருத்தியால் வரைய முடிவது அவ்வளவுதான்.
எவ்வளவு தொலைவு என்று தெரியும்,
எந்தப் பக்கம் என்று தெரியாது.
கிழக்கே மலை தாண்டி அர்ஜென்டினா,
மேற்கே கடல்,
வட்டத்தின் மேல் எல்லா ஊருக்கும்
ஒரே அளவு சந்தேகம்.

வானொலி கரகரத்தது.
கௌகெனெஸிலிருந்து ரோதெமில்: பதினொன்று.
கடலோரம் கொன்ஸ்தித்துசியோனிலிருந்து சாதுர்னினோ:
எட்டு.
உடனே திருத்தினான். ஏழரையாகவும் இருக்கலாம்,
நடுவில் செருப்பைத் தேடினேன்.

மூன்று வட்டமும் ஒரு புள்ளியில்
சந்திக்கவேண்டும் என்பது பாடநூல்.
சந்திக்கவில்லை.
ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு
நடுவே சின்ன முக்கோணம் ஒன்றை விட்டன.
ஆழத்தை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை,
அந்தச் செருப்பையும்.

முக்கோணம் கடலில் கிடந்தது.

அங்கே கடல்தளம் கண்டத்துக்கு அடியில் நுழைகிறது,
வருடத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர்,
நகம் வளர்வதைப்போல் இருமடங்கு.
நுழைகிறது என்பதுகூடச் சரியில்லை, முயல்கிறது.
பாறை பாறையைக் கவ்விக்கொண்டு விடாது.
விளிம்பு வளையும், பொறுக்கும், இன்னும் வளையும்.
ஒருநாள் பிடி நழுவும்போது
பல வருடப் பாக்கியை
ஒரு கொட்டாவி நேரத்தில் கட்டித் தீர்க்கும்.

அந்த முக்கோணத்துக்குள்
மஞ்சள் படகொன்றில் என் தம்பி எவாரிஸ்தோ
மெர்லூசா மீனுக்கு வலை விரித்திருந்தான்.
பென்சிலைக் கீழே வைத்தேன்.
கொஞ்ச நேரத்துக்கு முன் நிம்மதிப்பட்டவள்
இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சுனாமி இல்லை என்று கடற்படை சொல்ல
நாற்பது நிமிடம் ஆயிற்று.
தம்பி சொல்ல மறுநாள் மதியம் ஆயிற்று.

'அடியிலிருந்து ஒரே இடி.
பாறையில் மோதிவிட்டோம் என்று நினைத்தேன்.
அங்கே ஏது பாறை, முந்நூறு மீட்டர் தண்ணீர்.
அப்புறம் ஒன்றுமில்லை.'

ஒன்றுமில்லை என்றால்?

'நீ சொன்ன மாதிரி எண்ணினேன், அக்கா.
இரண்டாவது வரவே இல்லை.
இருநூறுவரை எண்ணினேன்.'

குறுக்கே ஆட்டுகிறவனுக்கு
பிடித்து முறுக்க ஏதாவது வேண்டும்.
தண்ணீர் பிடிகொடுக்காது.
பாறை முடியும் இடத்தில் அவன் பயணம் முடிந்துவிடும்.
நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி
என் வேலியை உலுக்கியவன்
அவன் படகுக்குக் கீழேயே நின்றுவிட்டான்.
மையத்தின் தலைமேல் மிதந்தவனுக்கு மட்டும்
தூரத்தை அளக்க வழியில்லாமல் போயிற்று.

இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன்.
அவன் பக்கம் கடற்பறவைகளின் சண்டை கேட்டது.

சரி, இருநூறில் ஏன் நிறுத்தினாய் என்றேன்.

வலை கனத்தது, என்றான்.